பேய்ப்படம் எடுக்கும் நம்ம ஊர்த் தம்பிகளுக்கு

நீடாமங்கலத்துப் பையன்கள் சிலர் முதல் குறும்படத்துக்குப் பேய்க் காமெடியைப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையில் காசில்லாதவர்களுக்கு ஏற்ற வகை இது. ஒரு பழைய வீடு, ஒரு ராத்திரி, நாலு நண்பர்கள் போதும். 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜ், 2012இல் தன் முதல் படமான 'பீட்சா'வில் ஒரே பங்களாவையும் டார்ச் வெளிச்சத்தையும் வைத்து எவ்வளவு நேரம் நம்மை நடுங்க வைத்தார்!

தம்பிகளா, கேமரா செல்போனாகவே இருக்கட்டும். ஒலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்புக்கு ராத்திரி போய் நில்லுங்கள். மதகில் தண்ணீர் இறங்கும் இரைச்சல், வயல் முழுக்கத் தவளைச் சத்தம். அந்தத் தவளைகள் சட்டென்று அடங்கினால் போதும், முதுகு சில்லிட்டுவிடும். அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட்டில் மாட்டிய பஸ்காரர் ஹாரன் அடித்தால் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆனால் பயப்படுகிறவன் நிஜமாகவே பயப்படணும். சிரிக்க வைக்க நினைத்து நடித்தால் இரண்டுமே போச்சு.

ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி ஷூட்டிங்கை முடிச்சிடுங்கப்பா. எங்க வீட்டு நெல் கொட்டுற கூடம் காலியாத்தான் கிடக்கு. சாவி அம்மாகிட்ட இருக்கு.