எங்கள் வீட்டு மூன்று ஓட்டுநர்கள்

மலையில் பிறந்து மலையிலேயே வளரும் நமக்கு, சமவெளி உறவினர் கண்டு அஞ்சும் கொண்டை ஊசி வளைவுகள் வீட்டு வாசற்படி போன்றவை. ஆயினும் அவற்றில் கார் ஓட்டுவதற்கு வயது துணையா, அனுபவம் துணையா என்ற பட்டிமன்றம் அருவங்காட்டிலுள்ள எங்கள் வீட்டில் ஓராண்டுக்கு மேல் நடந்தது. பேச்சாளர்கள் மூவர்; நடுவர் கிடையாது. இரவு உணவு வேளையில் வாய் திறவாமல் கேட்டிருந்தவள் நான் ஒருத்தியே.

முதற்பேச்சாளர் என் தாத்தா, அம்மாவின் தந்தை. வயது 74. தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய லாரியைக் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்குவதே முப்பது ஆண்டுகள் அவருடைய பிழைப்பு. அடுத்தவர் அம்மா. அப்பாவுக்கு வெளியூர் மாற்றல் வந்தபோது, 43-ஆம் வயதில் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்தவர். மூன்றாமவர் அண்ணன். 18 வயது நிறைந்த அதே வாரத்தில் எல்.எல்.ஆர். வாங்கி வந்த வீரர். (தோழியரே, 16 வயதில் கிடைப்பது கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. நம்மில் சிலர் ஓட்டுவது அதனினும் பெரிது. சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்குச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. இதற்கு மேல் எழுதினால் எனக்குத் தோழிகளே மிஞ்சமாட்டார்கள்.)

மூவருக்கும் கார் ஒன்றுதான். அதன் உடம்பில் ஆளுக்கொரு கையொப்பம் இட்டிருக்கிறார்கள்.

இடப்பக்கக் கதவிலுள்ள நீண்ட கீறல் அண்ணனுடையது. வெலிங்டன் அருகே வலப்பக்கம் திரும்பும் வளைவில் வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தான். வண்டி இடப்புறம் ஒதுங்கிக் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு போயிற்று. பின்னிருக்கையில் நண்பர்கள் இருவர் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். இளைஞர் ஓட்டும் வண்டியில் இளைஞர் ஏறினால் விபத்துக்கான வாய்ப்பு கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. உரிமம் பெற்ற முதற்சில மாதங்களே மிகவும் ஆபத்தானவை என்பதும் உலகெங்கும் கண்ட உண்மை. 1972-ல் அமெரிக்காவில் மூரண்ட், ராக்வெல் என்னும் இருவர் ஓட்டுநர்களின் கண் அசைவைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். பழகியவர் தொலைவில் பார்க்கிறார். அடிக்கடி கண்ணாடியையும் பார்க்கிறார். புதியவரோ தம் காரின் மூக்குக்கு முன்னாலேயே பார்க்கிறார். அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டினேன். “நான் வளைவைப் பார்த்தேன்” என்றான். வளைவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தாத்தா கேட்டார். பதில் இல்லை.

பின் பம்பரிலுள்ள இரண்டு டொக்குகளும் அம்மாவின் உபயம். இரண்டும் ஏற்றத்தில் நின்று புறப்படும்போது, கிளட்ச்சும் ஹேண்ட் பிரேக்கும் ஒத்துழைக்காமல் வண்டி பின்னோக்கி உருண்டதால் விழுந்தவை. ஒருமுறை கல்தூண், ஒருமுறை காய்கறி வண்டி. அம்மாவும் அண்ணனைப் போலவே கற்றுக்குட்டிதான். ஆனால் அம்மா வேகமாகப் போனதில்லை, பந்தயம் கட்டியதில்லை, மூடுபனி இறங்கினால் ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அனுபவம் இல்லாத இடத்தில் வயது பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதிப் பாதியைப் பம்பர் தாங்கிக்கொள்கிறது!

முன்விளக்கின் அருகேயுள்ள நசுங்கல்தான் எங்கள் வீட்டில் எவரும் உரக்கப் பேசாதது. ஒரு தூறல் மாலையில், எங்கள் தெருவுக்குள் வலப்புறம் திரும்பிய தாத்தா, எதிரே வந்த ஸ்கூட்டரைக் காணவில்லை. நல்லவேளையாக அந்தப் பையனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தாத்தா அவனை மருத்துவரிடம் அழைத்துப்போய், ஸ்கூட்டரைப் பழுதுபார்க்கவும் பணம் கொடுத்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதானாம். கழுத்து முன்போல் திரும்பாது. எதிர்வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவேதான் முதியோரின் மோதல்கள் வேகத்தால் நேர்வதைவிடச் சந்திப்புகளில், குறிப்பாக எதிர்வரிசையைக் குறுக்கிட்டுத் திரும்பும்போது மிகுதியாக நேர்கின்றன. அந்தத் தெருமுனையைத் தாத்தா மனப்பாடமாக அறிவார். அன்று வந்த ஸ்கூட்டர் அவர் மனப்பாடத்தில் இல்லை.

அவ்வாண்டுதான் அவருடைய உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டிய ஆண்டு. 55 வயது கடந்தவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்கவேண்டும். “இனி வேண்டாம் தாத்தா” என்று அண்ணன் நேரடியாகவே சொன்னான். அம்மாவால் சொல்ல முடியவில்லை. லாரி ஓட்டித் தம்மைப் படிக்கவைத்தவரிடம் எந்த மகள்தான் சாவியைக் கேட்பாள்? ஜப்பானில் புதிய ஓட்டுநர் ஓராண்டுக்கு ஒரு சின்னத்தை வண்டியில் ஒட்டவேண்டும் என்பது 1972 முதல் உள்ள வழக்கம். முதியோருக்கும் தனிச் சின்னம் 1997-ல் வந்தது. எங்கள் காரில் இரண்டையும் ஒட்டலாம் என்று நான் சொன்னபோது, தாத்தாதான் முதலில் சிரித்தார்.

முடிவைத் தாமே எடுத்தார். கண்புரை அறுவை செய்துகொண்டு, மருத்துவர் ஒப்பிய பிறகே உரிமத்தைப் புதுப்பித்தார். ஆனால் மாலை ஐந்துக்கு மேல் ஓட்டுவதில்லை. மழையிலும் பனியிலும் ஓட்டுவதில்லை. மேட்டுப்பாளையம் இறக்கம் இனித் தமக்கில்லை. அந்த இறக்கத்தை மட்டும் மகளுக்கும் பேரனுக்கும் கற்றுக்கொடுக்கவேண்டும் என்றார்.

ஞாயிறுதோறும் பாடம் நடந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர் ரயில் நிலையம் கடல்மட்டத்துக்கு 1,711 மீட்டர் மேலே. மேட்டுப்பாளையம் நிலையம் வெறும் 326 மீட்டர். நம் மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சட்டமும் பற்சக்கரமும் உண்டு; பெட்டிக்கொரு பிரேக்மேனும் உண்டு. காருக்கு அவை ஏது? இரண்டாம் கியர்தான் நமக்குப் பற்சக்கரம் என்பார் தாத்தா. எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கியரை உயர்த்தி வைத்துவிட்டு பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பர்லியாறு பக்கம் வெளியூர் வண்டிகளிலிருந்து வரும் கருகல் வாடை அதுதான். குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முதலிடம். சாலை விதியும் அதையே சொல்கிறது. நின்றுபோனால் மறுபடி ஏறுவது அதற்குத்தானே கடினம்! வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கைத் தேடாதே என்று அண்ணனுக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் தாத்தாவின் வலது கால் ஓயாது. ஒவ்வொரு வளைவிலும் அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். சென்ற மாதம் காட்டேரிக்குக் கீழே ஒரு வளைவில், ஏறிவந்த பேருந்தின் ஆரன் ஒலி கேட்டதும் அம்மா ஒருவரும் சொல்லாமலே முன்கூட்டி ஒதுங்கி நிறுத்தினார். பேருந்து எங்களைத் தாண்டிச் சென்றது. நான் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தேன். தாத்தாவின் கால் அசையவே இல்லை. அவர் சன்னல் வழியே தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.