கதவில் பிழை இல்லை

மன்னார்த் தீவில் பழைய மொறிஸ் மைனர் கார் வைத்திருப்பவருக்கு எஞ்சினைவிடக் கதவுதான் தலையிடி. எஞ்சின் எப்படியும் ஓடும். போர்க்காலத்தில் பெற்றோல் தடைப்பட்டபோது வடக்கில் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. கதவு அப்படி இரங்குவதில்லை. அடித்துச் சாத்தினாலும் பின்விளிம்பு தொங்கி, பூட்டு கொளுவாமல் நிற்கும்.

எல்லோரும் முதலில் பிணைச்சலைத்தான் குறை சொல்வார்கள். கதவைப் பாதி திறந்து பின்விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்க வேண்டும். பிணைச்சல் ஊசி தேய்ந்திருந்தால் கதவு மேலும் கீழும் ஆடும். ஊசியை மாற்றினால் வேலை முடிந்தது. ஆடவும் இல்லை, பொருந்தவும் இல்லை என்றால் கராஜில் மூத்த பாஸ் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கதவில பிழை இல்லை. கீழ பாருங்கோ."

கீழே என்ன இருக்கிறது? 1948இல் வந்த மைனருக்கு, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தபடி, தனிச் சேஸி கிடையாது. உடம்பேதான் சேஸி. கதவுகளுக்கு அடியில் முன்சில்லுப் பக்கமிருந்து பின்சில்லுப் பக்கம்வரை ஓடும் தகட்டுப் பெட்டிதான் நடுப்பாரத்தைப் பெரும்பாலும் தாங்குகிறது. தீவில் கறள் முதலில் தின்பதும் அதைத்தான். உப்புக் காற்று ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பொடிமணல் அடைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே கிடக்கும். பெயின்ற் கொப்பளிப்பதைக் காண்பதற்கு முன்னரே உள்தகடு உதிர்ந்திருக்கும். பெட்டி தளர்ந்தால் நடு இறங்கும். கதவு இடைவெளி மேலே நெருங்கி, கீழே விரியும். நிலை சரிந்த வீட்டில் கதவைச் சீவிப் பயனில்லை.

ஆனால் நடப்பது என்ன? ஓட்டையில் பட்டியை அப்பி, தூணிலுள்ள பூட்டுத்தகட்டைச் சற்று நகர்த்தி, பளபளவென்று பெயின்ற் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இதை நான் வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே இருப்பவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது அது.

சரியான வேலைக்குப் பொறுமை வேண்டும். காரை மட்டமாகத் தாங்கி நிறுத்தி, கதவுகளை மாட்டிச் சாத்தி, இடைவெளி மேலும் கீழும் ஒத்து வந்த பின்னரே பழைய தகட்டை வெட்ட வேண்டும். புதியதைத் துண்டு துண்டாக வெல்ட் பிடிக்க வேண்டும். சூடு தகட்டை இழுக்கும். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து சாத்திப் பார்க்க வேண்டும். கதவைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு வெல்ட் பிடித்தால், பிறகு அந்தக் கதவு அந்த வாசலுக்குள் அமராது.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுக் காரைக் காண்பதே அரிது. இருந்ததைப் பேணிப் பேணித்தான் நம்மவர் கைகளில் இந்த வித்தை ஊறியது. அதைப் பட்டியால் மூடக்கூடாது.

மைனர் வைத்திருப்பவர்களே, அடுத்த முறை பெயின்ற் அடிக்கப் புறப்படுமுன் தரைவிரிப்பைத் தூக்கி, கதவடிப் பெட்டியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால், பெயின்ற் காசை முதலில் அங்கே செலவழியுங்கள்.