வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

சங்கரன்கோவில் என்றவுடன் பலருக்கும் ஆடித்தபசு நினைவுக்கு வரும். அத்திருவிழா நடைபெறும் வீதிகளின் வழியே, வெள்ளிதோறும் அத்தாவின் கைபற்றி ஜும்ஆவிற்குச் சென்று வளர்ந்தவர் நாம். தொழுகைக்கு முன் நிகழும் பயானில் அன்று நமக்குப் புரிந்தது சிறிதே. ஆயினும் வெள்ளிக்கிழமையும் சொற்பொழிவும் நம் மனத்தில் இணைந்தே கிடந்தன.

உரைநடை வரலாறு நடத்துங்கால், ஆறுமுக நாவலர் மிஷனரிமாரை எதிர்த்து நின்றவர் என்று கூறி மேற்செல்வது நம் வழக்கம். அம்மிஷனரிமார்க்கு நம் பாடக்குறிப்பில் ஒரு வரியே இடம். ஒரு நாள் மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, தொல்காப்பியம் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை எங்கே படித்தார்?" என வினவினாள். விடை நாம் அறிந்ததே. எனினும் அதுகாறும் வகுப்பில் அதனைச் சொன்னதில்லை. நாணினோம்.

வட்டுக்கோட்டைச் செமினரி என்பதே விடை. 1823இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் அதனை நிறுவியது. முதல் அதிபர் மாசசூசெட்சில் பிறந்த டானியேல் பூர். அமெரிக்கா ஆங்கிலேயர் குடியேற்றமாயிருந்த நாளில், 1741இல், ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்னும் போதகர் ஆற்றிய பிரசங்கம் கேட்டோரைக் கதறச் செய்ததாம். அவ்வெழுச்சியின் வழிவந்தோரே பின்னாளில் கடல் கடந்தனர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த பூர் தமிழ் கற்றுத் தமிழிலேயே பிரசங்கித்தார். செமினரியில் ஆங்கிலம், கணிதம், வானியலோடு தமிழிலக்கியமும் கற்பித்தனர். கற்றவன் கிறிஸ்தவனாவான் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ வேறு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தாமோதரம் பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார், பின்னர்ச் சைவரானார், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவர் பட்டம் பெறுவதற்கு இரண்டாண்டு முன்பே, 1855இல், செமினரி மூடப்பட்டது. பூர் வாந்திபேதியால் மறைந்ததும் அவ்வாண்டே.

நாவலர் அமெரிக்கரிடம் பயின்றவரல்லர். வெஸ்லியன் பள்ளியில் பயின்று, பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கம் தொடங்கினார். அந்நாள் வெள்ளிக்கிழமை, பின்னும் வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. கோயில்களில் புராணம் படித்துப் பயன் சொல்லுதல் பண்டே உண்டு. சமயக் கொள்கையை எளிய உரைநடையில் மக்கள் முன் விளக்கியுரைக்கும் இம்முறையோ எதிரணியினரிடமிருந்து பெற்றதே என்பது நம் துணிபு. நாவலர் இதனை ஒப்புவாரோ, ஐயமே!

கண்டியில் சித்தி லெப்பையும் இதே காற்றை உணர்ந்தவர். மிஷன் பள்ளிகளுக்கு அஞ்சிப் பிள்ளைகளை வீட்டிலிருத்திய சமூகத்திற்குப் பள்ளிகள் கண்டார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலைத் தந்தார். இவரையும் நாம் ஒரு வரியில் கடந்தவரே; நம்மவராயிருந்தும்!

இவ்வாண்டு அவ்விரு வரிகளும் ஐந்து பக்கங்களாகியுள்ளன. இவை தேர்வுக்கு வருமா என்று மாணவர் கேட்கின்றனர்.