அயலார் யார்?

தெற்கு, நடு அந்தமான் தீவுகளின் மேற்குக் கரைக் காடுகளில் வாழும் மக்களை உலகம் ஜாரவா என்று அழைக்கிறது. அது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அண்டையில் வாழ்ந்த வேறொரு பழங்குடியினரின் சொல். அயலார் என்பது அதன் பொருள். அவர்களோ தம்மை 'அங்' என்பர். பல்லாயிரம் ஆண்டுகளாக அத்தீவுகளில் வாழ்வோர் அயலாராகவும், 1858 இல் கைதிகளைக் கொண்டு தொடங்கிய குடியேற்றத்தின் வழிவந்தோர் உள்ளூராராகவும் மாறிய விந்தையை ஒரு புதினம் உணர்த்துகிறது.

பங்கஜ் சேக்சரியா ஆங்கிலத்தில் எழுதி, 2014 இல் வெளிவந்த 'தி லாஸ்ட் வேவ்' என்னும் நூலே அது. தமிழில் 'கடைசி அலை' எனலாம். முதலைகளைக் கணக்கெடுக்கும் சிறு குழு, ஜாரவா காப்புக்காட்டின் கரையோரமாகப் படகில் செல்கிறது. அதில் உள்ள ஹரிஷ் வெளியிலிருந்து வந்தவன். சீமா, தீவில் 'லோக்கல் பார்ன்' எனப்படும் கைதிகளின் வழித்தோன்றல். படகோட்டும் பாமே கரேன் இனத்தவர். அவ்வினத்தார் 1925 இல் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர். நூலில் வரும் காதல் சற்று மெலிந்ததே. படகுப் பயணமே அதன் உயிர்.

படகில் இருப்போர் அனைவருக்கும் வந்த கதை ஒன்று உண்டு. காலூன்ற ஓரிடம், அன்பு காட்டச் சிலர், அடுத்த தலைமுறைக்கு நல்வாழ்வு என்பனவே அவர்களின் வேட்கை. காட்டிலிருப்போரும் வேறெதனை விரும்புவர்? ஆயினும் ஒருவர் வேட்கை மற்றவர் வாழ்வில் மோதுகிறது. அந்தமான் பெருஞ்சாலையே அதற்குச் சான்று. ரங்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு அது தலைநகர மருத்துவமனைக்குச் செல்லும் வழி. ஜாரவாக்களுக்கோ தம் காட்டைப் பிளந்த பாதை. வெளியார் தொடர்பு பெருகிய பின், 1999 இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காப்புக்காட்டினூடே செல்லும் சாலையை மூடுமாறு 2002 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னரும் காவலர் துணையுடன் வண்டிகள் வரிசையாக ஓடின.

ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்ததும் வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஆனால், பார்க்கும் ஆவலை எந்த விதி தடுக்கும்? பயணிகளின் கண்கள் மரங்களுக்கிடையே எவரையோ தேடுகின்றன. ஜாரவாக்கள் இனியேனும் தோன்றுவரா என்று பக்கங்களைப் புரட்டுபவரிடமும் அதே ஆவல்தான். நூலைப் படித்து முடித்தவர் பின்னொரு நாள் அச்சாலை வழியே பரதாங் செல்ல நேர்ந்தால், சன்னலோர இருக்கையில் அமர்ந்து எங்கே பார்ப்பது என்று சற்றே தயங்கக்கூடும்.