கோணல் இலை

நுழையும்முன்

மழலையரின் கைப்பணி பெரும்பாலும் கோணலாகவே அமையும். அதனை நேராக்கப் பெரியவரின் கை நீளலாமா? இலையுதிர் காலத்தில் செய்யப்படும் எளிய தாள்விளக்கு ஒன்றை முன்வைத்து, இவ்வினாவை இக்கட்டுரை எண்ணிப் பார்க்கிறது.

இலை நிறம் மாறும் காலம்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் கொலோன். அக்டோபர் பிறந்ததும் அந்நகரத்து மரங்கள் நிறம் மாறத் தொடங்கும். பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது இலைகளிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. மேப்பிள் போன்ற மரங்களில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. நவம்பர் வந்தால் உதிர்ந்த இலைகள் நடைபாதைகளை மூடிவிடும். மாலை ஐந்து மணியளவிலேயே இருள் கவியத் தொடங்கிவிடும்.

அவ்விருளில்தான் புனித மார்ட்டின் விழா வருகிறது. மார்ட்டின், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியப் படைவீரர். குளிரில் நடுங்கிய இரவலர் ஒருவருக்காகத் தம் மேலாடையை வாளால் இரண்டாக அறுத்துப் பாதியை ஈந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை அறிந்தோர்க்கு இக்கதை அயலானதாகத் தோன்றாது. மார்ட்டினை நினைந்து, நவம்பர் 11ஆம் நாளையொட்டிச் சிறுவர்கள் தாள்விளக்குகளை ஏந்திப் பாடியவாறு தெருக்களில் ஊர்வலமாகச் செல்வர். அவ்விளக்குகளைத் தம் கையாலேயே செய்வது பிள்ளைகளின் வழக்கம்.

விளக்கு உருவாகிறது

விழாவுக்கு முதல்நாள் மாலை, கொலோன் நகரத்து வீடொன்றில் தந்தையும் நான்கு வயது மகளும் உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்தனர். வேண்டிய பொருள்கள் எளியவை: ஒளி ஊடுருவும் தாள், மஞ்சளும் சிவப்புமான மெல்லிய வண்ணத்தாள்கள், பசை, பாலாடைக்கட்டி அடைத்து வந்த வட்ட அட்டைப்பெட்டி, சிறிது கம்பி, ஒரு குச்சி.

வண்ணத்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் விரல்களாலேயே கிழிக்க வேண்டும். நாளை எழுதுகோல் பிடிக்கப்போகும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் அது நல்ல பயிற்சி. சிறுமி கிழித்த இலைகளுள் ஒன்று மீன்போல இருந்தது. மற்றொன்று மேகம்போல இருந்தது. அவள் எல்லாவற்றையும் தாளின் அடிப்பகுதியிலேயே குவித்து ஒட்டினாள். மேற்பகுதி வெறுமையாகக் கிடந்தது.

"மேலேயும் சில இலைகளை ஒட்டலாமே" என்றார் தந்தை.

"எல்லாம் விழுந்துவிட்டன, அப்பா. இலை கீழேதானே கிடக்கும்?" என்றாள் மகள்.

பசை உலரட்டும் என்று தாளை மேசைமீது வைத்துவிட்டு அவள் உறங்கப் போனாள். தந்தைக்கு மனம் அமையவில்லை. பிற பிள்ளைகளின் விளக்குகளுக்கு நடுவே தம் மகளின் விளக்கு எளிமையாகத் தோன்றிவிடுமோ என்று அஞ்சினார். கோணலாக இருந்த இலைகளைப் பெயர்த்துக் குப்பைக்கூடையில் இட்டார். செம்மையாக வெட்டிய இலைகளைத் தாள் முழுவதும் சீராக ஒட்டினார்.

காலையில் சிறுமி தாளை நெடுநேரம் பார்த்தாள். அவள் அழவில்லை. "இது யாருடைய விளக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தோட்டமும் தோட்டக்காரரும்

அவ்வினாவுக்கு அந்நாட்டிலேயே பிறந்த விடை ஒன்று உண்டு. பிரெடெரிக் புரோபெல் என்னும் கல்வியாளர், 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளஞ்சிறார்க்கெனக் கல்விநிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். தாள் மடித்தலும் நறுக்குதலும் பின்னுதலும் அங்குப் பாடங்களாயின. 1851இல் பிரஷ்ய அரசு அத்தகைய பள்ளிகளைத் தடைசெய்தது. மறு ஆண்டே புரோபெல் மறைந்தார். 1860இல் தடை நீங்கியதைக் காண அவர் இல்லை. எனினும், அவர் இட்ட பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

அப்பெயரிலேயே ஒரு நெறி அடங்கியிருக்கிறது. தோட்டக்காரர் நீர் பாய்ச்சலாம், வேலி இடலாம், மொட்டை விரலால் பிரித்து மலராக்க முடியாது. குழந்தையின் கைப்பணியும் அத்தகையதே. கண்டதையும் எண்ணியதையும் கைவழியே வெளிப்படுத்தக் குழந்தை முயல்கிறது. கோணலை நேராக்கும் கை, அம்முயற்சியையே அழித்துவிடக்கூடும்.

ஊர்வலம்

தந்தை குப்பைக்கூடையிலிருந்து பழைய இலைகளைப் பொறுக்கி எடுத்தார். புதிய தாள் ஒன்றை மகள்முன் விரித்து, மன்னிப்புக் கேட்டார். மீனும் மேகமும் மீண்டும் அடிப்பகுதியில் குவிந்தன. தாளைச் சுருட்டி அட்டைப்பெட்டியின் விளிம்பில் ஒட்டுவதும் கம்பியை வளைப்பதும் அவளால் இயலாதவை. அவற்றை மட்டும் அவர் செய்து கொடுத்தார்.

மாலையில் விளக்கினுள் சிறு மின்விளக்கு ஒளிர்ந்தது. வெறுமையான மேற்பகுதி வழியே வெள்ளொளி பரவியது. கீழே இலைக்குவியல் தணல்போலச் சிவந்தது. இலைகளெல்லாம் உதிர்ந்தபின் வெளுத்து நிற்கும் வானத்தையும் அதன் கீழுள்ள தரையையும் மகள் காட்டியிருக்கிறாள் என்பது தந்தைக்கு அப்போதுதான் விளங்கியது. சிறுமி விளக்கை உயர்த்திப் பிடித்து முன்னே நடந்தாள். தந்தை அவள் பின்னே நடந்தார்.