பாட்டிக்கு வரவேண்டிய அரை மணி நேரம்

மலாக்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையோடு திரும்பிவிடுவார்கள். ஊருக்கு வடக்கே இருக்கும் செங் யாருடைய பட்டியலிலும் இருக்காது. மாசி மகத்தன்று சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் கூட்டம் திரளும்போதுதான் அதன் பெயர் வெளியே கேட்கும். மற்ற நாட்களில் வரிசை வீடுகள், தொழிற்பேட்டை, லாரிச் சத்தம். சோழிங்கநல்லூர் மென்பொருள்காரர் ஒருவர் டிசம்பர் கடைசி வாரத்தைக் கழிக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. அத்தை வீடு இருக்கிறது. போய்ப் பார்த்தே ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

தூக்கம் எட்டு மணி நேரம், நடை ஒரு மணி நேரம், கைபேசி கூடவே கூடாது என்று எக்செல் தாளில் கட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் நாளே அது குலைந்தது. அமெரிக்க வாடிக்கையாளர் கிறிஸ்துமஸுக்குக் கடையை மூடினால்தான் சென்னையில் பராமரிப்பு வேலை சூடுபிடிக்கும். அங்கே காலை 9 மணிக் கூட்டம் என்றால் செங்கில் பதினொன்றரை. சாப்பாட்டு நேரம் வரை கைபேசியும் கையுமாகத்தான் இருந்தார்.

மறுநாள் காலை மணி ஏழு. வெளியே இன்னும் சூரியன் எழவில்லை. மேசையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலி சம்பலும் இருந்தன. இட்லியை எதிர்பார்த்தவருக்கு முகம் சுருங்கியது. சம்பலைத் தொட்டு ஒரு துண்டு வாயில் போட்டதும் சுருக்கம் போய்விட்டது. கிழங்கைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர்.

“எங்க ஊர்ல ஆறரைக்கெல்லாம் வெயில் வந்துடும். இங்க ஏழு மணிக்கும் விடியல. யாருக்கும் அவசரமே இல்ல போல” என்றார் விருந்தாளி, சும்மா பேச்சுக்கு.

“அது கவர்மெண்டு பண்ண வேலை தம்பி. என் அரை மணி நேரத்தை எடுத்துக்கிட்டாங்க. இன்னும் திருப்பித் தரல.”

பாட்டி விளையாட்டாகச் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது நோக்கம். சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது.

“நாட்டுக்கு நல்லதுதானே?” என்றார் மாமா. அவர் அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி. பெயர்ப் பட்டியல் எழுதுகிற கை அவருடையது.

“உங்களுக்கு நல்லது, கிராணி. அஞ்சு மணிக்குப் பெரட்டு, பேர் கூப்பிடுவாங்க. புது மணி அஞ்சுன்னா பழைய மணி நாலரை. எந்திரிச்சு, பிள்ளைக்குச் சோறு கட்டி, விளக்கை நெத்தியில மாட்டிக்கிட்டு ஓடணும். நீங்க வெளிச்சம் வந்தப்புறம் ஆபீசுக்கு வந்தவங்க.”

“நானும் பெரட்டுக்கு வந்தேன்!”

“பேர் கூப்பிட வந்தீங்க.”

அத்தை கிழங்குத் தட்டை இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்தார். அதனால் பயன் ஒன்றும் இல்லை.

சென்னைக்காரருக்கு ஒரு கேள்வி: இருட்டிலேயே போய் ஏன் மரம் வெட்ட வேண்டும்? பதில் சொல்வதில் மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும்; வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் நனைந்த பட்டையில் பால் கோப்பைக்குப் போகாமல் வழிந்தோடும். அன்றைக்கு வெட்டு இல்லை. அதுதான் லீவு. கூலியும் இல்லை. மழைச் சத்தம் கேட்டுப் படுத்துக் கிடந்த காலைகளில் தனக்குத் தூக்கமே வந்ததில்லை என்றார் பாட்டி. 1896-ல் டான் சாய் யான் இதே மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் நட்டதிலிருந்து எத்தனையோ குடும்பங்களின் உறக்கத்தை மரமும் மணியும்தான் தீர்மானித்திருக்கின்றன.

கடிகாரத்தில் கைவைத்தது ஒரு அரசு மட்டுமல்ல. 1942-ல் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்து ஒரே தள்ளாக ஒன்றரை மணி நேரம் நகர்த்தினார்கள். அந்த வருடங்களில் அரிசி கிடைக்காமல் சனங்கள் தின்றது இந்த மரவள்ளிக்கிழங்கைத்தான். “எங்கம்மா இதைப் பார்த்தாலே எந்திரிச்சுப் போயிடுவா. எனக்குப் பிடிக்கும்” என்று பாட்டி இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்திய தோட்ட நேரம் உண்டு என்று எங்கோ படித்ததை விருந்தாளி எடுத்துவிட்டார். “அப்ப அங்கயும் ஒரு கிராணி இருப்பார்” என்றார் பாட்டி. மாமாவே சிரித்துவிட்டார்.

சண்டை ஓயும்போது மணி பத்தரை தாண்டியிருந்தது. கைபேசி மாடியிலேயே கிடந்தது. எக்செல் கட்டங்கள் எதிலும் இப்படி ஒரு காலைக்கு இடமில்லை. அவர் மேலே போய் மேலாளரை அழைத்து, இன்றைய கூட்டத்தை அரை மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். மேலாளர் காரணம் கேட்டார். 1982-லிருந்து ஒரு பாக்கி நிற்கிறது என்று சொன்னால் விளங்காது. “இங்க நெட்வொர்க் சரியில்ல சார்” என்றார்.