யாருக்க மவன்?

“மக்கா, அப்பாவக் காணலடே.”

இரவு பதினொன்றரைக்கு நண்பன் அழைத்து இப்படிச் சொன்னபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவன் அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. படத்தைப் பற்றிச் சொல்கிறான் என்பது பிறகுதான் பிடிபட்டது.

அப்பா நாகர்கோவில் பக்கத்தில் நெல் விவசாயி. சுற்றிலும் வயல்கள் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமுமாக மாறியபோதும் அவர் நெல்லை விடவில்லை. அவரைப் பற்றி இருபது நிமிட ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினான். பாதியில் அவர் போய்விட்டார். மிச்சத்தை அவர் இல்லாமல் எடுத்து, பிரீமியர் ப்ரோவில் எடிட் செய்து முடித்தான். அடுத்தது கலர் கிரேடிங். அதற்காக டாவின்சி ரிசால்வுக்குக் கொண்டுபோனபோதுதான் அப்பா காணாமல்போனார்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எடிட் போகிறது என்றால், படம் போவதில்லை. போவது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. வெறும் எழுத்து. எந்தக் கிளிப், எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை, படத்தில் எந்த இடத்தில். அவ்வளவுதான். 1970களில் சிஎம்எக்ஸ் எடிட்டிங் இயந்திரங்களோடு வந்த இடிஎல் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்தது. ஒரு வெட்டுக்கு ஒரு வரி, அதில் டேப்பின் பெயரும் நேரக்குறியும். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவின் ஓரத்தில் அடிக்கொரு எண் இருக்கும். 35 எம்எம்மில் ஓரடிக்கு 16 ஃபிரேம். லேபில் நெகட்டிவ் கட்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அசலில் கத்திரி வைப்பார். தப்பாக வெட்டினால் தீர்ந்தது.

மறுநாள் சனிக்கிழமை. போனேன். பிரீமியரில் எடுத்த முழுப் படத்தை ரிசால்வ் டைம்லைனுக்கு மேல் வைத்து ‘டிஃபரன்ஸ்’ போட்டோம். இரண்டும் ஒன்றானால் திரை கறுப்பாகிவிடும். மாறினால் அந்த இடத்தில் உருவம் தெரியும். ஏழாவது நிமிடத்தில் தெரிந்தது. மம்பட்டியைத் தோளில் போட்டபடி அப்பா மடைப்பக்கமிருந்து திரும்பிப் பார்க்கும் நாலு நொடி. அதன் கீழே, அவருடைய பதினாறாம் நாள் அடியந்திரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

நண்பன் எழுந்து வெளியே போய்விட்டான்.

காரணம் சின்னது. கார்டை அழித்துப் போடும்போதெல்லாம் கேமரா மறுபடி சி0001 என்றே எண்ணத் தொடங்கியிருக்கிறது, நேரக்குறியும் பூஜ்யத்திலிருந்து. வயலில் எடுத்ததும் சி0003, பந்தலில் எடுத்ததும் சி0003. ஹார்ட் டிஸ்க் மாறியதால் பழைய முகவரியில் கோப்பு இல்லை. பெயரையும் நேரக்குறியையும் வைத்து ரிசால்வ் தேடியது. இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருவரைப் பிடித்துக்கொண்டது.

என் ஆச்சி புதிதாக யாராவது வந்தால் பெயர் கேட்கமாட்டாள். “நீ யாருக்க மவன்?” என்பாள். ஊரில் நாலு சுயம்பு உண்டு, பெயரை வைத்து என்ன செய்ய? பத்து வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். ‘ப்ரைமரி கீ’ இல்லாத டேபிள் என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். ஆச்சிக்கு அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

ரிசால்வ் சந்தேகப்பட்ட கிளிப்களின் மேல் அடையாளம் வைத்திருந்தது. நண்பன் அதைக் கவனிக்கவில்லை. பதினான்கு இடங்களில் சரியான கிளிப்பைக் கையால் தேர்ந்தெடுத்தோம். இனி எடிட் தொடங்கும் முன்பே கோப்புப் பெயரில் தேதியும் கார்டு எண்ணும் சேர்ப்பது, கேமராவின் நேரக்குறியைக் கடிகார நேரத்தில் ஓடவிடுவது என்று முடிவானது. எடிட் முடிந்தபிறகு பெயரை மாற்றினால் இன்னொரு குழப்பம்தான்.

மறுபடி டிஃபரன்ஸ் போட்டு ஓட்டினோம். ஏழாவது நிமிடம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

“இருக்காரு,” என்றேன்.

மேலே வைத்திருந்ததை எடுத்துவிட்டு ஓட்டினான். அம்மா கதவோரம் வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. நாலு நொடி முடிந்ததும் அவள் குரல் கேட்டது.

“இன்னொருக்க போடு மக்களே.”